தானாகச் சாத்திக்கொள்ளும் படலை: சிட்னி வீடொன்றின் நீச்சல் தடாக வேலியுடன் மூன்று ஆண்டுகள்

மேற்குச் சிட்னியின் துங்காபியில் 2022 ஆம் ஆண்டு நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில், 1980களில் கட்டப்பட்ட ஒரு நீச்சல் தடாகமும், பிற்காலத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்ட, ஆறு பேர் அமரக்கூடிய ஒரு வெந்நீர் ஸ்பாவும் இருந்தன. மகளும் மருமகனும் வேலைக்குப் போகும் நாட்களில் இரண்டு பேரப்பிள்ளைகளும் எங்களிடமே வளர்கிறார்கள். வீட்டை வாங்கியபோது மூத்தவனுக்கு இரண்டு வயது. இளையவள் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்தத் தண்ணீரிலிருந்து அவர்களைக் காப்பதற்காக நாங்கள் அமைத்த அலுமினிய வேலி, அதன் கேற் (படலை), கேற்றைத் தாங்கும் பிணைச்சல்கள், அதைப் பூட்டும் காந்தத் தாழ்ப்பாள், ஸ்பாவின் மூடி ஆகியவற்றை மூன்று ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். நம்மவர்கள் பலர் இப்போது தடாகம் உள்ள வீடுகளை வாங்குகிறார்கள், வாடகைக்கும் எடுக்கிறார்கள். சமையலறையின் கல் மேடைக்கும் நிலத்தின் பலகைக்கும் நாட்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்குபவர்கள், தடாகத்தின் கேற்றை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைவதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதத் துணிந்தேன்.

சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992 ஆம் ஆண்டின் நீச்சல் தடாகச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2016 ஏப்ரல் 29 முதல், தடாகம் உள்ள வீட்டை விற்பவர், அதன் தடுப்பு முறையாக உள்ளது என்ற சான்றிதழையோ, முறையாக இல்லை என்ற சான்றிதழையோ விற்பனை ஒப்பந்தத்துடன் இணைக்க வேண்டும். இரண்டாவது வகைச் சான்றிதழுடன் வீட்டை வாங்கியவர், சொத்துக் கைமாறிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் குறைகளைச் சரிசெய்ய வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது சான்றிதழே. சட்டத்தரணி அதைப் பற்றிச் சொன்னபோது, நாலைந்து திருகாணிகளை இறுக்கினால் முடிந்துவிடும் என்று நான் எண்ணினேன். வீட்டுக்குள் குடிபுகுவதற்கு முன்பு பரிசோதகர் ஒருவரைச் சொந்தச் செலவில் அழைத்துக் காட்டியபோதுதான் எங்கள் பின்வளவின் உண்மை நிலை தெரிந்தது.

அவர் முதலில் அளவுநாடாவை எடுக்கவில்லை. கேற்றை முழுமையாகத் திறந்து, தள்ளாமல் கையை எடுத்தார். அது மெதுவாக வந்து சாத்திக்கொண்டது. பிறகு அரைவாசி திறந்து விட்டார், அப்போதும் சாத்திக்கொண்டது. மூன்றாவதாக, கேற்றின் விளிம்பு தாழ்ப்பாளைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிறுத்தி, கையை எடுத்தார். கேற் அப்படியே நின்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சாத்தியிருப்பது போலவே தோன்றும். ஆனால் தடாகத்தின் பக்கமாகத் திறக்கும் அந்தக் கேற்றை ஒரு விரலால் தொட்டபோதே அது உள்ளே போனது. "எல்லோரும் விரியத் திறந்துதான் சோதித்துப் பார்க்கிறார்கள், பிள்ளை உள்ளே போவது இந்த இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளியால்தான்" என்று அவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. எந்த நிலையில் விட்டாலும், யாரும் தள்ளாமலே, கேற் தானாகச் சாத்திக்கொண்டு தானாகவே பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதே விதி. நான் இந்த மதிப்புரையில் எந்தப் பொருளையும் அளக்கப் பயன்படுத்தும் அளவுகோலும் அதுவே: வீட்டில் உள்ள அனைவரும் மறந்திருக்கும் வேளையில் அந்தப் பொருள் என்ன செய்கிறது?

மற்றக் குறைகளும் சிறியவை அல்ல. பழைய காலத்து ஏற்பாட்டின்படி வீட்டின் பின்சுவரே தடாகத்தின் நான்காவது வேலியாக இருந்தது; அதாவது சமையலறைக் கதவைத் திறந்தால் தடாகம். வேலியின் அடியில் மண் அரித்து, என் முழங்கை நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது; விதி அனுமதிப்பது 10 சென்ரிமீற்றர் மட்டுமே. வடிகட்டி இயந்திரத்தின் பெட்டி வேலியை ஒட்டி வெளிப்புறத்தில் நின்றது. அது பிள்ளை ஏறுவதற்கு ஒரு படியாகவே அமைந்திருந்தது. நான்கு பக்கமும் தனியாக வேலி அடைத்த தடாகம், வீட்டுச் சுவரை ஒரு பக்கமாகக் கொண்டு மூன்று பக்கம் மட்டும் அடைத்த தடாகத்தை விட, சிறுபிள்ளைகள் மூழ்கும் ஆபத்தை 83 சதவீதம் குறைக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் எடுத்துக்காட்டுகிறது. அந்த எண்ணிக்கையை வாசித்த பிறகு, பழையதைச் செப்பனிடும் எண்ணத்தைக் கைவிட்டு, நான்கு பக்கமும் புதிய வேலி அமைக்க முடிவு செய்தோம்.

எண்பத்திரண்டு வயதான என் அம்மாவுக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பின்வளவின் அழகைக் கம்பிகள் கெடுத்துவிடும் என்று மருமகன் தயங்கியபோது, "கிணத்துக்குக் கட்டுக் கட்டாமல் ஆர் தம்பி விடுவினம்?" என்று மட்டும் கேட்டார். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டு இருக்கவில்லை. நிலமட்டத்தோடு இருந்த அப்படியொரு கிணற்றிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கியதை அம்மா தன் இளவயதில் நேரில் பார்த்தவர். அதன் பிறகு அந்த ஒழுங்கையில் ஒவ்வொரு வளவாகக் கட்டுக் கட்டினார்கள் என்று சொல்வார். அவுஸ்திரேலியாவின் சட்டமும் அதே வழியில் வந்ததுதான். ஒவ்வொரு அளவுக்குப் பின்னாலும் நடந்துபோன துயரங்கள் இருக்கின்றன.

வேலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணாடி வேலி, அலுமினியக் கம்பி வேலி என்ற இரண்டில் நாங்கள் அலுமினியத்தைத் தெரிவு செய்தோம். கண்ணாடியின் பெரிய நன்மை, சமையலறையிலிருந்து தடாகம் முழுவதும் மறைவின்றித் தெரிவது; அதன் விலை எங்களுக்குக் கிடைத்த மதிப்பீட்டில் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. நிலைக்குத்துக் கம்பிகள் கொண்ட 2.4 மீற்றர் அகலமான அலுமினியத் தட்டிகள் 1.2 மீற்றர் உயரத்தில் வருகின்றன. கம்பிகளின் இடைவெளி 10 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். மேல் குறுக்குச் சட்டத்துக்கும் கீழ்க் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் குறைந்தது 90 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும், ஏனெனில் அதைவிட நெருங்கினால் அது ஏணியாகிவிடும். நாங்கள் வாங்கிய தட்டிகள் மூன்று கோடைகளைக் கடந்தும் நிறம் மங்காமல் நிற்கின்றன. ஒரு விடயத்தை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: உலோக வேலி தடாகத்தின் விளிம்பிலிருந்து கை எட்டும் தூரத்துக்குள் வருமானால், அதை மின் பாதுகாப்புக்காகப் பிணைக்க வேண்டுமா என்பதை உரிமம் பெற்ற மின் தொழிலாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வேலி போட வருபவர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

இனி, இந்த மதிப்புரையின் நடுப்பகுதியான கேற்றுக்கு வருகிறேன். வேலி ஓர் அசையாப் பொருள். அதைச் சரியாக நட்டுவிட்டால் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கேற்றோ கோடை விடுமுறை நாளொன்றில் ஐம்பது அறுபது தடவை திறக்கப்படுவது. ஈரக் கையோடு திறப்பவர், தட்டோடு வருபவர், தொலைபேசியில் பேசிக்கொண்டே போகிறவர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அதை விட்டுச் செல்வார்கள். அவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்காவிட்டாலும் அது சாத்திக்கொள்ள வேண்டும். பழைய கேற்றில் வெளியே தெரியும் இரும்புச் சுருள்வில் பிணைச்சல் இருந்தது. தடாகத்தின் உப்பும் குளோரினும் ஏறி அது துருப்பிடித்து, இழுவிசையை இழந்துவிட்டது. அதற்குப் பதிலாக நாங்கள் போட்டது, அவுஸ்திரேலிய நிறுவனமான டி அன்ட் டி டெக்னாலஜீஸ் தயாரிக்கும் ட்ரூகுளோஸ் பிணைச்சல். அதன் உடல் பொலிமரால் ஆனது. சுருள்வில் அதற்குள்ளே அடங்கியிருக்கிறது. இழுவிசையைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு தட்டைத் திருப்புளி போதும். மேற்புறத்தில் அதைச் செருகிச் சிறிது அழுத்தித் திருப்பினால் படிப்படியாக இறுகும். மூன்று ஆண்டுகளில் நான் இரண்டு முறை மட்டுமே அதை இறுக்கியிருக்கிறேன். இரண்டு முறையும் ஐந்து நிமிடத்துக்குள் வேலை முடிந்தது.

தாழ்ப்பாளும் அதே நிறுவனத்தின் மக்னாலட்ச் எனப்படும் காந்தத் தாழ்ப்பாள். வழக்கமான தாழ்ப்பாளில் நாக்கு ஒன்று தட்டையில் உரசி, ஏறி, விழ வேண்டும். அந்த உரசலை வெல்லக் கேற் சற்று வேகமாக வந்தாக வேண்டும். பரிசோதகர் காட்டிய இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி அந்த உரசலால் உண்டானதுதான். காந்தத் தாழ்ப்பாளில் உரசல் இல்லை. கேற் தூணை நெருங்கும்போது காந்தம் முளையை இழுத்துக் குழிக்குள் அமர்த்திவிடுகிறது. மெதுவாக வந்தாலும் பூட்டிக்கொள்கிறது. திறப்பதற்கு மேலே உள்ள குமிழை மேல்நோக்கி இழுக்க வேண்டும். அந்தக் குமிழ் நிலத்திலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் இருப்பதற்காக, தாழ்ப்பாளின் உடல் 1.2 மீற்றர் வேலிக்கு மேலே ஒரு முழம் போல நீண்டு நிற்கும். பார்ப்பதற்கு அழகற்றது என்று சிலர் சொல்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை கால் நுனியில் நின்று கையை உயர்த்தினாலும் எட்டாத உயரம் அது என்பதை என் பேரனை அருகில் நிறுத்திப் பார்த்தே உறுதி செய்துகொண்டேன். திறப்பால் பூட்டிவைக்கும் வசதியும் அதில் உண்டு. குளிர்காலம் முழுவதும், தடாகத்தை எவரும் பயன்படுத்தாத மாதங்களில், நாங்கள் அதைப் பூட்டியே வைக்கிறோம்.

கேற் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். புதிய கேற் தடாகத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது வீட்டுப் பக்கமாகத் திறக்கிறது. தாழ்ப்பாள் ஏதோ காரணத்தால் பூட்டிக்கொள்ளாத ஒரு நாளில், பிள்ளை ஓடிவந்து கேற்றில் சாய்ந்தால், அந்தச் சாய்வு கேற்றைச் சாத்துமே தவிரத் திறக்காது. சிறுபிள்ளை எதையும் முதலில் தள்ளித்தான் பார்க்கும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி இது.

பொருட்கள் நல்லவையாக இருந்தும் பொருத்திய வேலையில் எங்களுக்கு ஏமாற்றம் கிடைத்தது. வேலி அமைத்தவர்கள் ஒரே நாளில் 26 மீற்றரையும் முடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் கேற் திறக்கும் பக்கம் நிலம் சற்று உயர்ந்திருந்ததைக் கவனிக்காததால், முக்கால்வாசி திறந்ததும் கேற்றின் அடி புல்தரையில் உராய்ந்து அப்படியே நின்றது. தானாகச் சாத்தும் பிணைச்சலுக்கு உரிய விலையைக் கொடுத்த பின்பு, கேற் மண்ணில் சிக்கி விரியத் திறந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அவர்களை இரண்டு முறை திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. முதல் முறை கேற்றை உயர்த்தினார்கள். அப்போது அடியிலுள்ள இடைவெளி 10 சென்ரிமீற்றரைத் தாண்டிவிட்டது. இரண்டாம் முறைதான் மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, கேற்றின் கீழே சீமெந்துக் கல் பதித்தார்கள். இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்: கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு, அவர்கள் முன்னிலையிலேயே கேற்றை எட்டுப் பத்து வெவ்வேறு நிலைகளில் நிறுத்திக் கையை எடுத்துப் பாருங்கள். தாழ்ப்பாளைத் தொட்டு நிற்கும் நிலையைக் கட்டாயம் சோதியுங்கள்.

மேற்குச் சிட்னியின் களிமண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை பெய்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் இது. சுவர்களில் வெடிப்பு விழுவதற்கும் கதவுகள் இறுகுவதற்கும் இதுவே காரணம் என்பது இங்கே வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கேற்றின் தூணும் அந்த மண்ணில்தான் நிற்கிறது. இரண்டாம் ஆண்டின் நீண்ட மழைக்குப் பிறகு எங்கள் தூண் சில மில்லிமீற்றர் சரிந்தது. முளையும் குழியும் நேர்கோட்டில் வராமல், கேற் சாத்தினாலும் பூட்டிக்கொள்ளாத நிலை உண்டானது. தாழ்ப்பாளின் உயரத்தைத் திருகாணியைத் தளர்த்தி மாற்றக்கூடியதாக இருந்ததால் நானே அதைச் சரிசெய்தேன். ஆனால் அது எத்தனை நாட்களாகப் பூட்டாமல் இருந்தது என்பதை எண்ணியபோது அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையும் காலைத் தேநீருக்கு முன் கேற்றைச் சோதிப்பது என் வேலையாகிவிட்டது.

எவ்வளவு நல்ல கேற்றாக இருந்தாலும் அதை வெல்லக்கூடிய ஒரு பொருள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அது கதிரை. வேலிக்கு வெளியே 90 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் பிள்ளை ஏறக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி. பூச்சாடி, பார்பிக்கியூ அடுப்பு, விளையாட்டு வண்டி, குளிர்பானப் பெட்டி, மரத்தின் தாழ்ந்த கிளை எல்லாமே இதற்குள் அடங்கும். பேரனின் நான்காவது பிறந்தநாளுக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். வெயிலுக்கு ஒதுங்கிய யாரோ இருவர் பிளாஸ்ரிக் கதிரைகளை வேலியோரத்து நிழலுக்கு இழுத்துப்போட்டு அமர்ந்து, பின்பு சாப்பிட எழுந்து போயிருக்கிறார்கள். நான் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, உறவினரின் மூன்று வயது மகன் அந்தக் கதிரையின் மேல் நின்று, வேலியின் மேல் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். பாத்திரத்தை நிலத்தில் வைத்துவிட்டு ஓடினேன். அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆயிரக்கணக்கான டொலர் செலவில் அமைத்த தடுப்பு, பத்து டொலர்க் கதிரையால் பத்து நிமிடத்துக்கு இல்லாமற்போயிருந்தது என்பதே நடந்த உண்மை. வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு விதி தெரியாது, எனக்குத் தெரியும், நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது விருந்து வைத்தால், வேலியிலிருந்து ஒரு மீற்றர் தள்ளிச் சிவப்புக் கயிறு ஒன்றை நிலத்தில் போட்டுவிடுகிறோம். அத்துடன், தடாகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பொறுப்பை ஒருவர் அரைமணி நேரத்துக்கு ஏற்று, அடுத்தவரின் பெயரைச் சொல்லிக் கையளித்த பிறகே எழுந்து போக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நாற்பது பேர் இருக்கும் இடத்தில், வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நாற்பது பேரும் நினைப்பதே வழக்கம். மூழ்கும் பிள்ளை கூக்குரல் இடுவதில்லை. தண்ணீரை அடித்துக் கலக்குவதும் இல்லை. வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் சத்தமின்றியே எல்லாம் நடந்துவிடும். பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குக் கூட அது கேட்காது.

ஸ்பாவுக்கு இந்த மாநிலத்தின் சட்டம் ஒரு சலுகை தருகிறது. பயன்படுத்தாத நேரங்களில், பிள்ளைகளால் திறக்க முடியாதபடி பூட்டப்பட்ட உறுதியான மூடி இருந்தால், தனி வேலி தேவையில்லை. எங்கள் ஸ்பாவுடன் வந்த நுரைத் தட்டு மூடியில் நான்கு வார்ப்பட்டைகளும் பூட்டக்கூடிய கொளுக்கிகளும் இருந்தன. ஓர் ஆண்டு பயன்படுத்திய பின்பு நான் வந்த முடிவு இது: பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தச் சலுகையை நம்பக்கூடாது. வேலியின் கேற், மனிதர் மறந்தாலும் தானாகச் சாத்திக்கொள்கிறது. ஸ்பாவின் மூடியோ மனிதர் நினைவில் வைத்துத் தூக்கி மூடி, நான்கு கொளுக்கிகளையும் மாட்டிப் பூட்டினால் மட்டுமே மூடியாகிறது. இரவு பத்து மணிக்கு வெந்நீரில் களைப்பாறிவிட்டு எழுகிறவர், காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். காலையில் முதலில் எழுந்து வெளியே ஓடுவது பிள்ளைதான். மேலும், நுரைக்குள் ஈரம் ஏறி மூடியின் பாரம் கூடிக்கொண்டே போனது; அதனால் என் மனைவியால் தனியாக அதைத் தூக்க முடியவில்லை. வெயிலில் காய்ந்த பிளாஸ்ரிக் கொளுக்கிகளில் ஒன்று இரண்டாவது கோடையிலேயே உடைந்தது. ஆகவே ஆட்களை வைத்து ஸ்பாவை நகர்த்தி, தடாக வேலிக்கு உள்ளே கொண்டுவந்தோம். மூடியும் பூட்டும் இப்போதும் உண்டு; அவை இரண்டாவது காவல் மட்டுமே.

ஸ்பாவின் உள்ளே இருக்கும் ஆபத்தையும் பலர் அறிவதில்லை. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி கிரேம் பேக்கர், 2002 ஆம் ஆண்டு ஸ்பா ஒன்றின் அடியிலுள்ள உறிஞ்சுவாயில் சிக்கி, நீருக்கு அடியிலிருந்து மேலே வரமுடியாமல் இறந்தார். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளை அவர். அவருடைய தாயின் விடாமுயற்சியால் 2007 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அந்தப் பிள்ளையின் பெயராலேயே சட்டம் வந்தது. உறிஞ்சுவாயின் மூடி உடைந்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ அந்த ஸ்பாவில் எவரும் இறங்கக்கூடாது. எங்கள் ஸ்பாவின் ஒரு மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்ததைத் தொழிலாளர் காட்டியபோது, மாற்றி முடிக்கும் வரை மின்சாரத்தையே துண்டித்து வைத்தோம். பெண்பிள்ளைகளின் நீண்ட தலைமயிரை இறுக முடிந்துகட்டிய பிறகே இறக்குங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களை வெந்நீர் ஸ்பாவில் இறக்கவே வேண்டாம். சிறிய உடல் மிக விரைவாகச் சூடேறிவிடும். 40 பாகை செல்சியஸ் என்பது பெரியவர்களுக்கே மேல் எல்லை.

நீரில் மிதக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். காற்றுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் அது அலறியது. மூன்று வாரத்தில், அலறினாலும் எவரும் எழுந்து பார்க்காத நிலை வந்தது. நன்றாக வேலை செய்யும் கருவியும், பிள்ளை நீரில் விழுந்த பின்னரே சத்தமிடுகிறது. சட்டமும் அதை வேலிக்கு ஈடாக ஏற்பதில்லை. அந்தப் பணத்தை நீங்கள் வேறு எதற்காவது செலவிடலாம். நீரைச் சூடாக வைத்திருக்க மேலே விரிக்கும் குமிழிப் போர்வையைப் பாதுகாப்பு மூடி என்று எண்ணுவது அதைவிடப் பெரிய தவறு. அதன் மேல் கால் வைக்கும் பிள்ளை அப்படியே உள்ளே போய்விடும். போர்வை மேலே கூடிக்கொள்ளும். கரையில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. பிள்ளைகள் நீந்தும்போது போர்வையைப் பாதி சுருட்டி விட்டுவிடாமல் முழுமையாக அகற்றுங்கள்.

தடாகத்தருகே உயிர்காப்பு முறையை விளக்கும் அறிவிப்புப் பலகை ஒன்றைத் தொங்கவிட வேண்டும் என்பதும், அது மூன்று மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. முப்பது டொலருக்குள் முடிந்துவிடும் செலவு இது. முன்பிருந்த வீட்டுக்காரரின் பலகை வெயிலில் வெளுத்து வெற்றுத் தகரமாகியிருந்தது. ஆனால் பலகையைப் பார்த்துப் பழகாத கை, அந்த நேரத்தில் எதையும் செய்யாது. நானும் மனைவியும் மகளும் ஒரு சனிக்கிழமை அரைநாள் வகுப்புக்குப் போனோம். முப்பது முறை நெஞ்சை அழுத்தி இரண்டு முறை ஊதுவது, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது வரையான வேகத்தில், நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அழுத்துவது, உடனே 000 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைப்பது என்பவற்றைப் பொம்மையில் செய்து பழகினோம். எனக்கு அறுபத்தொரு வயது. முழங்கால் வலியோடுதான் நிலத்தில் மண்டியிட்டேன். இந்த மதிப்புரையில் எழுதிய செலவுகளில் நான் சிறிதும் யோசிக்காமல் மீண்டும் செய்யக்கூடியது அந்த வகுப்புக்கான செலவு.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், இது தங்களுக்குரியதல்ல என்று கடந்து போய்விட வேண்டாம். 30 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாக நீர் நிற்கக்கூடிய எந்தத் தொட்டிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். கோடையில் கடைகளில் வாங்கி ஊதி நிரப்பும் பிளாஸ்ரிக் தடாகத்துக்கும் வேலி வேண்டும், அதையும் பதிவு செய்ய வேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். வேலி போட வசதி இல்லாதவர்கள் அந்த ஆழத்துக்குக் குறைவான சிறிய தொட்டியை மட்டும் வாங்கி, பிள்ளைகள் கையெட்டும் தூரத்தில் இருந்தபடியே விளையாடவிட்டு, முடிந்ததும் நீரைக் கொட்டிக் கவிழ்த்துவையுங்கள். மழைநீர் நிரம்பிய தொட்டியும் அதே அளவு ஆபத்தானது.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: 26 மீற்றர் வேலியும் கேற்றும், பழையதை அகற்றிய கூலியுடன் எங்களுக்கு 4,300 டொலர் ஆயிற்று. பிணைச்சல்களும் தாழ்ப்பாளும் அதில் 200 டொலருக்குள்தான் வரும். முழுத் தொகையையும் நியாயப்படுத்தும் பகுதி அந்த இருநூறுதான் என்பது என் தீர்ப்பு. செலவைக் குறைக்க வேண்டியிருந்தால் தட்டிகளின் நிறத்திலும் அலங்காரத்திலும் குறையுங்கள், கேற்றின் உறுப்புகளில் குறைக்காதீர்கள். 2022 ஆம் ஆண்டில், நகரசபை மூலம் பரிசோதனை செய்வித்தால் முதல் முறைக்கு 150 டொலருக்கும் மறுபரிசோதனைக்கு 100 டொலருக்கும் மேல் அறவிட முடியாதிருந்தது. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். வீட்டை விற்கும் எண்ணமோ வாடகைக்கு விடும் எண்ணமோ எங்களுக்கு இல்லை. ஆகவே அதைப் புதுப்பிக்கும் கட்டாயமும் இல்லை. ஆனாலும் வரும் மாதத்துக்குப் பரிசோதகரை மீண்டும் வரச்சொல்லியிருக்கிறேன். இளையவளுக்கு இப்போது மூன்று வயது. போன வாரம் அவள் கேற்றின் முன்னால் நின்று, இரண்டு கைகளாலும் அதைத் தள்ளிப் பார்த்து, அசையாததைக் கண்டு, சற்று நேரம் தாழ்ப்பாளின் குமிழை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, தன் சிறிய கதிரையைத் தேடத் தொடங்கினாள். அந்தக் கதிரை இப்போது வீட்டுக்கு உள்ளே, அலுமாரிக்கு மேலே இருக்கிறது.